முட்டியைப் பார்க்க வந்தவர்கள்

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் அல்வா கொண்டுபோவார்கள், ஊறுகாய் கொண்டுபோவார்கள். நான் என் தம்பி மகனுடைய வலது முட்டியின் ஸ்கேன் பிலிம்களைக் கொண்டுபோனேன். மடங்கிவிடக் கூடாதென்று பாளையங்கோட்டையிலிருந்து நியூவர்க் வரைக்கும் அந்தப் பெரிய காக்கி உறையை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டு வரும்போதெல்லாம் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

இதை ஈமெயிலில் அனுப்ப முடியாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் தம்பியிடம் கேட்டேன். "ஈமெயில் வேண்டாம்க்கா. எங்கயாவது நிக்கும். நீ கையில கொண்டு வா" என்றான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முதல்முறை அமெரிக்கா போகிற சந்தோஷத்தில் வரவில்லை.

தம்பி மகன் பெயர் ஜோயல். வயது இருபத்திரண்டு. டெக்ஸாஸில் ஒரு கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல? அதில் இவன் வைட் ரிசீவர். ஆட்டம் தொடங்கும்போது ஓரமாக நிற்பான். நடுவில் ஒருவன் கைக்குப் பந்து போனதும் இவன் தலைதெறிக்க ஓடி, தன்னை ஒட்டிக்கொண்டே வருகிற எதிராளியை ஏமாற்றித் திரும்பி, எறிந்த பந்தைப் பிடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை தொழில்முறை அணிகள் உட்கார்ந்து, முறைவைத்துப் பெயர் சொல்லி, கல்லூரிப் பையன்களை எடுத்துக்கொள்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் பையன்களை அளக்கிறார்கள். உயரம், எடை, விரலை விரித்தால் உள்ளங்கை எத்தனை அங்குலம், நாற்பது கெஜம் ஓட எவ்வளவு நேரம். பிறகு உடம்புக்குள்ளேயும் பார்க்கிறார்கள். அங்கேதான் ஜோயல் மாட்டினான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவன், சர்ச் மைதானத்தில் சொந்தக்காரப் பையன்களோடு ஓடி விழுந்து முட்டி ஜவ்வைக் கிழித்துக்கொண்டான். போனில் தம்பி ஒரே பிடியாக நின்றான். "காலேஜுக்குத் தெரிஞ்சா ஸ்காலர்ஷிப் போயிரும்க்கா. சத்தமில்லாம அங்கயே முடிச்சு அனுப்பு." திருநெல்வேலியில் ஒரு டாக்டர் இரண்டு சின்னத் துளை போட்டுக் கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்தார். கல்லூரிக்கு டைஃபாய்டு என்று ஒரு சர்டிஃபிகேட் போனது. தெரிந்த டாக்டரிடம் சொல்லி அந்த சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொடுத்தவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிமேல் எல்லாரையும் திட்டப்போகிறேன், அப்போது உங்களுக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

இந்த பிப்ரவரியில் ஓர் அணியின் டாக்டர் புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இந்த முட்டியை யாரோ திறந்திருக்கிறார்களே, யார்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஜோயல், "ஆபரேஷன் எதுவும் இல்லை" என்றிருக்கிறான். தழும்பு ஏது? சைக்கிளிலிருந்து விழுந்தானாம். சைக்கிளிலிருந்து விழுந்தவனுக்கு முட்டியின் இரண்டு பக்கமும் அளந்து குத்தினாற்போலத் தழும்பு வருமா? டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மார்ச் கடைசியில் கல்லூரி மைதானத்துக்கே எல்லா அணிக்காரர்களும் வந்து பையன்களைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த டாக்டரிடம் ஆபரேஷன் காகிதத்தைக் காட்டாவிட்டால் இவன் பெயரை எவனும் சொல்லப்போவதில்லை என்று ஜோயலுக்காக அணிகளோடு பேசுகிற ஏஜென்ட் சொல்லிவிட்டார். அதற்குத்தான் என் பயணம். அப்போது எடுத்த பிலிமோடு, ஆபரேஷன் விவரம் எழுதி ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும் அந்த உறைக்குள் இருந்தது.

தம்பி ஜெபக்குமார் வீடு வெஸ்ட் வின்ட்சரில். அவன் பெண்டாட்டி மெர்சி, நர்ஸ். போய் இறங்கிய அன்று கோழிக்குழம்பும் ஃப்ரோசன் பரோட்டாவும் போட்டாள். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கல்லில் போட்ட பரோட்டாவைத் திருநெல்வேலிக்காரி ஒருத்தி குறை சொல்லாமல் தின்ன முடியுமா? குறை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நன்றாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. தமிழ் ஆராதனை ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. ஜெபத்தில் ஜோயலுக்காக விசேஷமாக வேண்டினார்கள். கர்த்தர் கதவைத் திறக்க வேண்டுமாம். வெளியே வந்ததும் ஓர் அங்கிள் மெர்சியைப் பிடித்துக்கொண்டார்.

"பேக்கப் பிளான் என்னம்மா? மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணிருக்கானா? எங்க பையன் கூட ஹைஸ்கூல்ல டென்னிஸ் ஆடுனான், நாங்க டைமுக்கு ஸ்டாப் பண்ணிட்டோம்."

மெர்சி சிரித்து வைத்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். நன்றாக ஓடுகிற பிள்ளைகளை டைமுக்கு ஸ்டாப் பண்ணிய அப்பன்மார்களை என் சர்வீஸில் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன். அமெரிக்கா வந்தும் அதே ஆட்கள்தான், கோட்டு மட்டும் புதுசு.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, டிஸ்சார்ஜ் சம்மரி கையில எழுதுனதுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வருஷத்துல ஒரே ஒரு நம்பர் சேஞ்ச் பண்ணிட்டா, காலேஜ் சேரதுக்கு முன்னால நடந்த மாதிரி ஆயிரும். அவங்க ஃபார்ம்ல கேட்டது, காலேஜ் சேந்தப்புறம் ஏதாவது சர்ஜரி உண்டான்னுதான். அப்ப இவன் சொன்னது பொய் இல்லை. டெக்னிக்கலி."

"டெக்னிக்கலியா?"

"நம்ம வீட்டுல யாருக்குக்கா நெஜமான டேட் ஆஃப் பர்த் சர்டிஃபிகேட்ல இருக்கு? ஒனக்கே ஜூன் ஒண்ணுன்னு வாத்தியார் போட்டதுதானே? அத வச்சுத்தானே ரிட்டயர் ஆன?"

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கானது. எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். நாலு பேர் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றால் முதலில் எதை மறைக்கலாம் என்றுதான் வீட்டில் பேச்சே தொடங்கும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, தடை தாண்டி ஓடும்போது விழுந்து கணுக்காலில் தையல் போட்டிருந்ததை மறைக்க அம்மா புடவையைத் தரையைப் பெருக்குகிற அளவுக்கு இறக்கிக் கட்டிவிட்டாள். எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துபோனது. "தையல் பெருசில்ல, மறைச்சீங்களே" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறோமோ என்று துருவினார்கள். கல்யாணமே வேண்டாம் என்று நான் சொன்னது அந்த எரிச்சலில்தான். அப்போது ஜெபக்குமாருக்குப் பத்து வயது இருக்கும், எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"எலே, மூஞ்சியிலேயே ஒண்ணு வைப்பேன்" என்றேன். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெர்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வழியில் வந்தது. டிக்கெட் மெஷினோடு சண்டை போட்டு ஒரு டிக்கெட் எடுத்து, வந்து நின்ற ரயிலில் ஏறினேன். சின்ன ரயில். ஐந்து நிமிடத்தில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நான் அசையவில்லை. கண்டக்டர் அம்மா வந்து, இதுதான் கடைசி ஸ்டேஷன் என்றார்.

"அடுத்து எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"வந்த இடத்துக்கே திரும்பிப் போகும், அன்பே. நாள் முழுக்க அவ்வளவுதான்" என்றார்.

இரண்டே ஸ்டேஷனுக்கு நடுவில் போய்ப்போய் வருகிற ரயிலாம் அது. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு ரயிலேறினால் குறைந்தது மணியாச்சி வரைக்குமாவது போகலாம். இந்த நாட்டில் கோபத்துக்கும் மரியாதை இல்லை. இறங்கி, கல்லூரிக் கட்டடங்களைச் சுற்றிச்சுற்றி வந்து, கடையில் பேகல் என்று ஒரு ரொட்டி வாங்கிக் கடித்தேன். தாடை வலித்தது. இரண்டரை மணி நேரம் கழித்து அதே ரயிலில், அதே கண்டக்டர் அம்மா சிரிக்க, திரும்பி வந்தேன்.

வீட்டில் தம்பி சாதுவாக உட்கார்ந்திருந்தான். "சாரிக்கா. நீ சொல்லுததுதான் கரெக்ட். கலிஃபோர்னியால அவன் டிரெய்னிங்ல இருக்கான், நீயே கொண்டுபோய் அவன் கையில குடு. பேப்பர் மட்டும் போதும், பிலிம் எதுக்கு, வீண் சுமை" என்றான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அத்தனை தூரம் மடியில் சுமந்ததைப் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. உறையை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சான்டா கிளாராவில் ஜோயல் தங்கியிருந்தது ஷாஜஹான், நஸீமா என்ற காயல்பட்டினத்துத் தம்பதி வீட்டுப் பின்னறையில். ஷாஜஹானுக்கு ஏதோ சிப் கம்பெனியில் வேலை. பக்கத்திலேயே டிராஃப்டுக்குத் தயாராகிற பையன்களைப் பழக்குகிற ஜிம் இருந்தது. நான் வருகிறேன் என்று நஸீமா நெய்ச்சோறும் கல்யாண வீட்டுக் களறிக் கறியும் ஆக்கியிருந்தாள். ஜோயல் அதே மேசையில் உட்கார்ந்து அவித்த கோழித் துண்டைத் தராசில் நிறுத்து நிறுத்துத் தின்றான்.

"பாருங்க ஆன்ட்டி, ரெண்டு மாசமா இதே கூத்துதான். காலையில பன்னண்டு முட்டை. வீட்டுல களறி வாசனை வந்தா ரூம் கதவை குளோஸ் பண்ணிக்கிறான்" என்றாள் நஸீமா.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். பயிற்சி கொடுக்கிறவன் கத்துகிற கத்தலைக் கேட்டு முதலில் கோபம் வந்தது. அப்புறம் ஜோயல் ஓடுவதைப் பார்த்தேன், மற்றதெல்லாம் மறந்துபோனது. முழு வேகத்தில் பத்து கெஜம் ஓடி, சட்டென்று நின்று, பக்கவாட்டில் வெட்டித் திரும்ப வேண்டும். மற்ற பையன்கள் நிற்பதற்கு நாலைந்து குட்டி அடி வைக்கிறார்கள். அதைப் பார்த்தே எதிராளி கண்டுபிடித்துவிடுவான். ஜோயல் இடுப்பைத் தாழ்த்தி இரண்டே அடியில் நிற்கிறான். அதுவும் அந்த வலது காலை ஊன்றித்தான் நிற்கிறான். எங்கள் திருநெல்வேலி டாக்டருக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளாமல் விரலாலேயே பறிக்கிறான். நாற்பது கெஜத்தில் மட்டும் நடுத்தரம்தான். என் சொந்தம் என்பதற்காக நான் வாட்சை ஏமாற்ற மாட்டேன். ஏழு சுற்று டிராஃப்டில் ஆறாவதிலோ ஏழாவதிலோ எவனாவது பெயர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். முதல் சுற்றில் போகிறவனுக்கு ஆயிரம் குற்றத்தை மன்னிப்பார்கள். இவன் விளிம்பில் நிற்கிறான். ஒரு பொய் போதும், தள்ளிவிட.

பெஞ்சில் உட்கார்ந்து உறையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. நான் தமிழில் கேட்க, அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். எப்போதும் அப்படித்தான்.

"உங்களிடமே இருக்கட்டும் அத்தை. அன்றைக்கு டாக்டரிடம் நீங்களே கொடுங்கள். என்னிடம் இருந்தால் அப்பா கேட்பார்."

"அப்பா சொன்னாருன்னா நீ ஏன் ஆபரேஷன் இல்லைன்னு சொன்ன? ஒனக்கு வாய் இல்லையா?"

அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "பத்தொன்பது வயதில் நான் முட்டியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். நீங்கள் டைஃபாய்டு என்று எழுதின காகிதத்தோடு வந்து, யார் கேட்டாலும் இதைச் சொல் என்றீர்கள். இப்போது ஏன் சொன்னாய் என்று கேட்கிறீர்கள்."

எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? உறையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் நானும் ஜோயலும் டெக்ஸாஸில் இர்விங்குக்கு வந்து சேர்ந்தோம். தம்பியும் அங்கே வந்துவிட்டான். அவனுடைய பழைய சகா ஒருவரின் அபார்ட்மெண்டில் தங்கினோம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் நிறைந்த கட்டடம், படியெல்லாம் சாம்பார் வாசனை. மறுநாள் காலை கல்லூரிக்குக் கூட்டிப்போன டாக்ஸி டிரைவர், நாங்கள் எதற்குப் போகிறோம் என்று தெரிந்ததும் வண்டியைவிட வாயை வேகமாக ஓட்டினார். வைட் ரிசீவருக்கு வேகம் முக்கியமா, கையா என்று எனக்கும் அவருக்கும் பெரிய விவாதம். அதில் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார். திரும்பி வர இருபது நிமிடம். "அக்கா, நீ வாய மூடிட்டு வந்தா என்ன?" என்றான் தம்பி. உறையை என் மடியிலிருந்து இரண்டு முறை வாங்கப் பார்த்தான். "பிலிமையும் ஏன் தூக்கிட்டு வந்த?" என்று கேட்டான். நான் கொடுக்கவில்லை.

மைதானத்தில் தொப்பி போட்ட ஆட்கள் முப்பது நாற்பது பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாட்ச், ஓர் அட்டை. முதலில் பையன்களை ஜட்டியோடு நிற்க வைத்து அளந்தார்களாம். நாங்கள் பார்க்கவில்லை, ஜோயல் சொன்னான். ஒருவன் கையை விரித்து அங்குலம் சொல்ல, நாற்பது பேனா அதை எழுதுமாம். என் ஊரில் மாட்டுச் சந்தையில் கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன், "நல்லா இருக்கியாடா" என்று அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான்.

ஓட்டம் அவனுக்குச் சுமாராகத்தான் போனது. அப்புறம் பந்து பிடிக்கிற முறை. பதினெட்டு பந்தில் பதினெட்டையும் பிடித்தான். தலைக்கு மேலே, காலடியில், முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு முறையும் அந்த வலது காலை ஊன்றி இரண்டே அடியில் நின்று திரும்பினான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"இந்த இந்தியப் பையனுக்குக் கை பரவாயில்லையே."

"கை நல்ல கைதான். முட்டி விஷயம் இருக்கிறது."

"எவ்வளவு மோசம்?"

"முட்டி எப்படியோ தெரியாது. கேட்டால் பொய் சொல்கிறான்."

சொன்னவன் அட்டையைத் திருப்பி அடுத்த பையனின் பெயருக்குப் போய்விட்டான். அவன் தொப்பியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் என்னை நிறுத்தியது.

எல்லாம் முடிந்த பிறகு பிப்ரவரியில் பார்த்த அந்த டாக்டர் வந்தார். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஜோயல், தம்பி, நான் மூன்று பேரும் நின்றோம். நான் உறையைக் கொடுத்தேன். முதலில் அவர் பிலிமைத்தான் எடுத்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தார். மறுபடி பிலிமின் மூலையைப் பார்த்தார்.

"இதில் ஒரு வருடம், அதில் ஒரு வருடம் போட்டிருக்கிறது. எது சரி?"

நான் எட்டிப் பார்த்தேன். கையால் எழுதிய தேதியில் கடைசி எண் மாறியிருந்தது. அதே நீல மை. தம்பி அழகாகத்தான் மாற்றியிருந்தான். ஆனால் இரண்டு வரிக்குக் கீழே வயது பத்தொன்பது என்று எழுதியிருந்ததை மாற்ற மறந்துவிட்டான். பிலிமில் அச்சாகியிருந்த தேதியை மாற்றவே முடியாது. நான் நாலு கிலோமீட்டர் ரயிலில் கோபித்துக்கொண்டு போயிருந்த அந்த இரண்டரை மணி நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைத்தான் நான் பொக்கிஷம் மாதிரி நாடு முழுக்கச் சுமந்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்காமல்.

"ஆஸ்பத்திரிக்காரர்கள் பிழை" என்றான் தம்பி அவசரமாக.

"பிலிம் சரி. காகிதம் தப்பு" என்றேன் என் ஆங்கிலத்தில். டாக்டர் யார் மாற்றியது என்று கேட்கவில்லை. ஆனால் நான் நிறுத்தவில்லை. தம்பியைக் காட்டி, தேதி இவன் மாற்றியது என்றேன். கல்லூரிக்குப் போன காய்ச்சல் சர்டிஃபிகேட் நான் வாங்கிக்கொடுத்தது என்றேன். பையன் எதையும் செய்யவில்லை என்றேன். "அக்கா, சும்மா இரு" என்று தம்பி என் கையைப் பிடித்தான். உதறினேன்.

ஜோயல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தேதி மாறினது எனக்குத் தெரியாது, சார். ஆனால் பிப்ரவரியில் உங்களிடம் ஆபரேஷன் இல்லை என்று சொன்னது நான்தான்" என்றான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். உங்கள் ஊர் டாக்டர் கெட்டிக்காரர். இன்றைக்கு இங்கே ஓடினவர்களில் பாதிப் பேர் முட்டியை நான் பார்த்திருக்கிறேன், இதைவிட மோசம். பிப்ரவரியில் இந்தப் பிலிமைக் காட்டியிருந்தால் ஒரே ஒரு வரி எழுதியிருப்பேன்."

"இப்போது?" என்று கேட்டேன்.

"முட்டியைப் பற்றி நான் எழுதியதை இன்றைக்கே மாற்றிவிடுவேன். அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருப்பதை என்னால் மாற்ற முடியாது."

கார் நிறுத்துமிடத்தில் நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. பாளையங்கோட்டை மைதானத்தில் விசில் இல்லாமலே கடைசி மூலை வரை கேட்கிற தொண்டை எனக்கு. நாலைந்து பேர் தங்கள் கார் கதவைத் திறக்காமல் நின்று பார்த்தார்கள். தம்பி எங்களுக்காக வந்து நின்ற டாக்ஸியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "எல்லாம் அவனுக்காகத்தானக்கா செஞ்சேன்" என்றான். அழுதான். நானும் அழுதேன். அதனால் கோபம் குறையவில்லை.

ஜோயல் அப்பாவைத் தொடவில்லை. "இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் ஆடியிருக்கிறேன், அப்பா. ஒரு ஆட்டம் விடவில்லை. அந்த டாக்டர் இரண்டு நிமிடத்தில் நம்பினார். நீங்கள் ஒரு நாளும் நம்பவில்லை" என்றான். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வழியில் பசிக்கிறது என்று ஒரு கடையில் நிறுத்தி டாக்கோ என்ற மெக்ஸிகோ ரொட்டிச் சுருள் வாங்கினோம். நின்றுகொண்டே தின்றோம். நல்ல காரம்.

டிராஃப்ட் வந்தது ஏப்ரல் கடைசியில். மூன்று நாள் நடக்கும். அதற்குள் வெஸ்ட் வின்ட்சரில் மரமெல்லாம் துளிர்த்திருந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை, சர்ச்சில் கேள்வி கேட்ட அந்த அங்கிள் உட்பட நாலு குடும்பம் வீட்டுக்கு வந்தது, சமோசாத் தட்டோடு. பெரிய டிவியில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்குத் தெரிந்து, ஜோயல் அளவுக்கு நின்று திரும்பத் தெரியாத இரண்டு ரிசீவர்களின் பெயரைச் சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், மூன்றாவதும் ஒருவன் இருந்தான். ஏழாவது சுற்று முடிந்தது. ஜோயல் பெயரை யாரும் சொல்லவில்லை.

"பரவால்லடா, இப்பவும் மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணலாம், ஸ்ப்ரிங் அட்மிஷன் இருக்கு" என்றார் அங்கிள். நான் அவர் கையிலிருந்த தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். பாதிச் சமோசாவோடு அவர் கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

நாங்கள் நாலு பேர் மட்டும் இருந்தபோது ஜோயலின் போன் அடித்தது. வேறொரு அணிக்காரர். ஜோயல் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"மூன்று நாள் முகாமுக்கு வந்து ஓடிக் காட்டுகிறாயா? ஒப்பந்தம் கிடையாது, உறுதியும் கிடையாது. பிடித்தால் வைத்துக்கொள்வோம்" என்றது குரல். "அதற்கு முன்னால் அந்த முட்டி விஷயத்தை உன் வாயால் கேட்க வேண்டும். முதலிலிருந்து."

தம்பி சத்தமில்லாமல் எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தான். எனக்கும் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஜோயல் போனைக் கையால் மூடினான்.

"அப்பா, உக்காருங்க" என்றான் தமிழில். "அத்தை, நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தோம். அவன் கையை எடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். சர்ச் மைதானம், ஆஸ்பத்திரி, டைஃபாய்டு, பிப்ரவரியில் சொன்ன பொய், மாற்றிய தேதி. யார் யார் என்ன செய்தோம் என்பதை ஒன்று விடாமல், பெயரோடு, குரலை உயர்த்தாமல் சொன்னான். என் பெயர் வந்த இடத்தில் என்னைப் பார்க்கவில்லை. அப்பா பெயர் வந்த இடத்தில் அவரையும் பார்க்கவில்லை. மெர்சி அழுகையை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக நாங்கள் மறைத்து வைத்ததை அவன் சொல்லி முடிக்க ஆறு நிமிடம் ஆனது.